தங்கப்பொண்ணு சொன்ன பெயர்

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு தனியார் அறக்கட்டளை நடத்தும் நாட்டார் அருங்காட்சியகத்தில் தங்கப்பொண்ணு டிக்கெட் கொடுக்கிறாள். சொந்த ஊர் எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் “உசிலம்பட்டிப் பக்கம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வரிசையில் அடுத்து நிற்பவரைப் பார்ப்பாள். புருஷன் காளை லோடு வண்டி கவிழ்ந்து இறந்த பிறகு, மகள் இசைவாணியைக் கூட்டிக்கொண்டு இங்கே குடிவந்தவள். முதலில் தரை துடைக்கும் வேலைதான் கிடைத்தது. அருங்காட்சியகப் பொறுப்பாளர் பிருந்தாதான் “ஒனக்கு நல்லாப் பேச வருது” என்று சொல்லி அவளை டிக்கெட் ஜன்னலுக்கு மாற்றினார்.

புதுக்கோட்டைக்கு வந்த புதிதில் நடந்த ஒரு சம்பவத்தை அவள் மறக்கவில்லை. தள்ளுவண்டிக்காரர் அழுகின தக்காளியை அடியில் போட்டுக் கொடுத்துவிட்டார். அவள் திரும்பப் போய்ச் சத்தம் போட்டாள். அவரும் பதிலுக்குச் சத்தம் போட்டார். நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவர் முனகிக்கொண்டே நல்ல தக்காளியாகப் பொறுக்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். யாரும் அவளை விட்டு ஓரடி தள்ளி நிற்கவில்லை. யாரும் அவள் கண்ணையே உற்றுப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஊரில் அவளால் கோபப்பட முடியாது. கோபப்பட்டால் ‘அவன் திரும்ப வந்துட்டான்’ என்பார்கள்.

அது அவளுடைய பதினேழு வயதில் தொடங்கியது. அப்பா சுருளி கூலி வேலை செய்தவர். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தவளை நிறுத்தி, அத்தை மகன் காளைக்குக் கட்டிக்கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். அவள் வேண்டாம் என்றாள். அதை யாரும் காதில் வாங்காததால் சாப்பிடுவதை நிறுத்தினாள், பிறகு பேசுவதை நிறுத்தினாள். ஒரு நாள் பருத்திக் காட்டில் மயங்கி விழுந்தாள். விழுந்த இடம் ஒரு கிணற்று மேடு. அந்த மேட்டில் இருந்த வேப்ப மரத்தில்தான் அதே தெருவைச் சேர்ந்த அழகுபாண்டி என்ற இளவட்டம் தூக்குப் போட்டுச் செத்திருந்தான். சாயங்காலத்துக்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பேயாண்டி என்ற பேயோட்டும் கோடாங்கியை வரவழைத்தார்கள்.

பேயாண்டி உடுக்கை அடித்து, “யாரு நீ?” என்று கேட்டார்.

“தங்கப்பொண்ணு” என்றாள்.

அந்தப் பதிலை மட்டும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. “அது இந்தப் புள்ள பேரு. ஒம் பேரச் சொல்லு” என்றார். வேப்பங்குழையால் அடித்தார்கள். முடியைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார்கள். செவ்வாய்தோறும் வெள்ளிதோறும் உட்கார வைத்தார்கள். அவள் தன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடி முடிகிற நேரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, முதுகு தாங்காமல், சுற்றி நின்றவர்கள் எந்தப் பெயருக்காகக் காத்திருந்தார்களோ அந்தப் பெயரைச் சொன்னாள்.

“அழகுபாண்டி.”

அடி அந்த நொடியே நின்றது. எல்லோரும் அன்பாகிவிட்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். என்ன வேண்டும் என்று பேயாண்டி மரியாதையாகக் கேட்டார்.

அவள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அழகுபாண்டியின் அம்மா சோலையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தாள். “எய்யா, பசிக்குதாய்யா?” என்று கேட்டாள். தங்கப்பொண்ணு தலையை ஆட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து சோலையம்மாள் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்து ஊட்டினாள். எதற்காக இப்படிச் செய்தாய் என்று கேட்டாள், எங்காவது வலிக்கிறதா என்று கேட்டாள். தங்கப்பொண்ணு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். ‘நான் அவனில்லை’ என்று சொன்னால் அடி திரும்ப ஆரம்பிக்கும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் தலையில் கல்லை ஏற்றி ஊருக்கு வெளியே ரோட்டோரப் புளியமரம் வரைக்கும் ஓட வைத்தார்கள். உச்சியிலிருந்து ஒரு கொத்து முடியைப் பிடுங்கி மரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். பேய் இறங்கி மரத்துக்குப் போய்விட்டது என்றார் பேயாண்டி. தையில் கல்யாணம் நடந்தது.

காளை கெட்டவன் இல்லை. ஆனால் அவள் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், “இப்பப் பேசுறது நீதானே?” என்று கேட்பான். பயந்துதான் கேட்பான். “நாந்தான்” என்று அவள் மெதுவாகச் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால்தான் அவன் நம்புவான். இப்படியே அவள் குரல் அமுங்கிப் போயிற்று.

இதெல்லாம் இசைவாணிக்குத் தெரியாது. பிருந்தாவுக்கும் தெரியாது.

போன ஆடி மாதம் அருங்காட்சியகத்தில் ‘பேய்க்கதை மாலை’ என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். மதுரையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருவார்கள் என்று பிருந்தா கணக்குப் போட்டிருந்தார். மண் குதிரைகள் இருக்கும் கூடத்தில் விளக்கை அணைத்து டார்ச் வெளிச்சத்தில் சுற்றிக் காட்டுவது, முனி கதை, மோகினி கதை, பிள்ளைகளுக்கு முகமூடி வரைதல், கடைசியில் பின்முற்றத்தில் ஒரு பேயோட்டும் காட்சி. அச்சாகி வந்த போஸ்டரைத் தங்கப்பொண்ணுதான் வாசல் கண்ணாடியில் ஒட்டினாள். பாதி ஒட்டிய பிறகுதான் படத்தைப் பார்த்தாள். உடுக்கையோடு ஒரு கிழவர் நின்றார். கீழே ‘எழுமலை பேயாண்டி கோடாங்கி’ என்று போட்டிருந்தது.

மீதிப் பாதியையும் ஒட்டினாள். வேறென்ன செய்வது.

அன்றைக்கு அவள் வேலை டிக்கெட் கொடுப்பது மட்டும்தான். கொடுத்து முடித்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். பேய் பிடித்த பெண்ணாக உட்கார ஒரு நாடகக் கல்லூரி மாணவியை, வர்ஷினி என்ற பெண்ணை, ஏற்பாடு செய்திருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் பிருந்தா போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார்.

“தங்கம், வர்ஷினிக்கு ஜுரமாம். வரலையாம். நீ உக்காந்துடேன், ப்ளீஸ்.”

“நானா மேடம்? எனக்கு நடிக்கல்லாம் வராது.”

“நடிக்கவே வேணாம். முடிய விரிச்சுப் போட்டுத் தலையக் குனிஞ்சு உக்காந்தாப் போதும். ஒனக்கு எம்புட்டு முடி பாரு. அவரு பேரு கேப்பாரு. ‘நான் கெணத்துல விழுந்து செத்த செங்கமலம்’னு சொல்லணும். அவ்ளோதான், எந்திரிச்சு வந்துடலாம்.”

“வேற யாரையாச்சும்…”

“வேற யாரு இருக்கா? நீயே சொல்லு.”

வேறு யாரும் இல்லை. ஒரு வாட்ச்மேனும் இரண்டு வயசான துப்புரவுக்காரிகளும்தான் இருந்தார்கள். முடியாது என்று சொல்ல ஒரே ஒரு காரணம்தான் அவளிடம் இருந்தது. அதைச் சொன்னால் ஒளிந்துவந்த ஊரே அவளைத் தேடிப் பிடித்த மாதிரி ஆகிவிடும். தன்னைத் தரையிலிருந்து ஜன்னலுக்கு ஏற்றிவிட்டவர் வியர்வை வழிய நின்று கெஞ்சுகிறார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

பின்முற்றத்தில் மணல் பரப்பி, நான்கு பக்கமும் பந்தம் நட்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளை இடைவெளி இல்லாமல் போட்டிருந்தார்கள். நாற்காலிகளுக்குப் பின்னால் இன்னொரு சுற்று ஆட்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். உள்ளே போகும்போது ஒரு நாற்காலியை நகர்த்தி வழி விட்டார்கள். அவள் போனதும் அந்த நாற்காலியை மறுபடி போட்டுவிட்டார்கள்.

அவள் மணலில் உட்கார்ந்தாள். பாப்கார்ன் வாசனை வந்தது. எங்கோ ஒரு குழந்தை, “அம்மா, அது டிக்கெட் கொடுத்த ஆன்ட்டி” என்றது. சிரித்தார்கள். அவளும் குனிந்த தலைக்குள் லேசாகச் சிரித்துக்கொண்டாள். வெறும் விளையாட்டு, ஒரு பெயரைச் சொல்லிவிட்டு எழுந்துவிடப் போகிறோம் என்று நினைத்தாள்.

உடுக்கை தொடங்கியது.

அவளுடைய முதுகு முதலில் விறைத்தது. அவள் அதை விறைக்கச் சொல்லவில்லை. பேயாண்டிக்கு வயதாகிவிட்டது, குரல் கம்மியிருந்தது. ஆனால் உடுக்கையின் அடி மட்டும் மாறவில்லை. சுற்றி வந்து நின்று, “யாரு நீ?” என்றார்.

“தங்கப்பொண்ணு” என்றாள்.

செங்கமலம் என்றுதான் சொல்ல நினைத்திருந்தாள். வாய் அதைச் சொல்லவில்லை.

பேயாண்டிக்கு எழுதிக் கொடுத்த வசனம் எதுவும் இல்லை. அவர் எப்போதும் செய்வதைத்தான் செய்தார். “அது இந்தப் புள்ள பேரு. ஒம் பேரச் சொல்லு.”

“தங்கப்பொண்ணு. சுருளி மக.”

கூட்டம் ரசித்தது. பிருந்தா மைக்கில், “பாருங்க, பேய் சுலபத்துல ஒத்துக்காது” என்றார். உடுக்கை வேகம் எடுத்தது. வேப்பங்குழை தோளில் பட்டது. வலிக்கவே இல்லை, தடவிக் கொடுத்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் இன்னொரு கையால் அவள் முடியைச் சேர்த்துப் பிடித்தபோது, எழுந்து போய்விடலாம் என்று ஏற்கெனவே பாதி எழுந்திருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் முழங்கால்கள், அவற்றுக்கு மேலே செல்போன் வெளிச்சங்கள். அவள் நிமிர்ந்து பிருந்தாவைத் தேடினாள். பிருந்தா கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

“சொல்லு. யாரு நீ? சொன்னாத்தான் விடுவேன்.”

“விடுங்கண்ணே” என்றாள் தணிந்த குரலில். “நான் இங்க வேல பாக்குறவ. தங்கப்பொண்ணு. விடுங்க.”

“பொய் சொல்லுது” என்று பேயாண்டி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போது அவளுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. இந்த வட்டத்தை விட்டு வெளியே போக ஒரு வழிதான் உண்டு. அந்த வழியில் அவள் ஒரு தடவை போயிருக்கிறாள்.

“அழகுபாண்டி” என்றாள்.

உடுக்கை ஒரு அடி தவறியது. பேயாண்டி அவளைக் குனிந்து பார்த்தார். பிறகு முடியை விட்டார். திருநீறு பூசினார். முடிந்தது. மறுபடி நாற்காலியை நகர்த்தி வழி விட்டார்கள். பலர் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிருந்தா கட்டிப் பிடித்துக்கொண்டு, “எங்கிருந்துடி வந்துச்சு அந்தப் பேரு? அப்படியே மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு” என்றார்.

கிளம்புவதற்கு முன்னால் பேயாண்டி தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் போய் நின்றாள்.

“என்னையத் தெரியுதா?”

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “எம்புட்டோ புள்ளைகளுக்கு ஓட்டியிருக்கேன், தாயி. பேருதான் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு. நீ நம்ம பக்கமா?”

“இல்ல” என்றாள்.

வீடியோ அன்றைக்கே பரவிவிட்டது. இசைவாணியின் கல்லூரிக் குழுவிலேயே வந்தது. “சூப்பராப் பண்ணியிருக்கம்மா” என்று அவள் சிரித்தாள். ஆனால் அந்த வாரத்தில் ஒரு நாள், ஈரத் துணியைக் கட்டிலில் போட்டதற்காகத் தங்கப்பொண்ணு அவளைச் சத்தம் போட்டபோது, மகள் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள். சும்மா ஒரு கணம்தான். தங்கப்பொண்ணு துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கொடியில் போட்டாள். கொடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு மதிய நேரத்தில், டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே ஒரு கிழவி வந்து நின்றாள். கையில் வயர் கூடை.

“ஒரு டிக்கெட்டாம்மா?” என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்த தங்கப்பொண்ணு கிழித்த டிக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். சோலையம்மாள்.

“எய்யா” என்றாள் சோலையம்மாள்.

ஜன்னல் அறைக்கு ஒரே கதவுதான். அதைத் திறந்தால் நேராக அவள் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். தங்கப்பொண்ணு திறந்தாள். அவளைக் கூட்டிப்போய் முன்புற மரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

சோலையம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று போன வருசம் அந்தப் புளியமரத்தை வெட்டிவிட்டார்களாம். அதுவரை வாராவாரம் அவள் அந்த மரத்தடியில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து வந்தாளாம். மரம் போன பிறகு மகன் எங்கே போவான் என்று தூக்கமே இல்லையாம். மேலத் தெரு விக்ரம் போனில் அந்த வீடியோவைக் காட்டி, இடத்தையும் சொல்லியிருக்கிறான். அதில் அவன் பேரை அவனே சொன்னானே, கேட்டாளே.

“ஒங்கிட்டயே திரும்பி வந்துட்டான்னு தெரிஞ்சதும்தான் எனக்கு உசிரு வந்துச்சு” என்றாள். கூடையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தாள். “சாப்புடுய்யா. ஆறிப் போச்சு.”

மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாசனை எழுந்தது. அவள் ஒரு உருண்டையைப் பிடித்து நீட்டினாள். வாயைத் திறந்தால் போதும். கிழவி நிம்மதியாக ஊருக்குப் போவாள், மாதம் ஒரு தடவை வருவாள், சாகிற வரைக்கும் வருவாள். அதுவரைக்கும் தங்கப்பொண்ணு இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழகுபாண்டியாக வாயைத் திறக்க வேண்டும். வேண்டாம் என்றால், வெட்டிய மரத்துக்கு மேலே இன்னொரு மரத்தையும் வெட்டினது போல ஆகும்.

“பெரியம்மா” என்றாள். “அவன் எங்கிட்ட வரல. எப்பவுமே வந்ததில்ல.”

சோலையம்மாளின் கை நீட்டியபடியே இருந்தது. “இத நீ சொல்றியா, அவன் சொல்றானா?”

“நாந்தான் சொல்றேன்.”

“யாரு?”

அடிக்கிற குரலில் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில் கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“தங்கப்பொண்ணு. சுருளி மக.”

சோலையம்மாள் அவள் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்த்தாள். உருண்டையைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தாள்.

“அப்ப எதுக்குத் தாயி அவன் பேரச் சொன்ன?”

“அடி தாங்கல, பெரியம்மா.”

“அடிச்சாகளா?” என்றாள் சோலையம்மாள். “நான் அங்கனதான் நின்னேன். என் மகன அடிக்கிறாகளேன்னுதான் அழுதேன். ஒனக்கு வலிக்கும்னு தோணவே இல்ல” என்றாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தங்கப்பொண்ணுவின் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள். முடி முளைக்காத அந்தச் சிறிய இடத்தை விரல் கண்டுபிடித்து அங்கேயே நின்றது.

“அப்ப அவன் இம்புட்டு வருசமா எங்கதான் இருந்தான்?”

“தெரியல, பெரியம்மா.”

கிழவி அழுவாள் என்று தங்கப்பொண்ணு நினைத்தாள். அவள் அழவில்லை. சட்டியை மூடினாள், கூடையில் வைத்தாள், எழுந்தாள். உசிலம்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிடத் தங்கப்பொண்ணு கூடவே போனாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு சோலையம்மாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தாள். பஸ் நகரும் வரை விடவில்லை. அது மன்னிப்பா, கோபமா, வேறு பிடிப்பில்லாமல் பிடித்ததா என்று இவளுக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் இசைவாணியிடம் சொன்னாள். மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “நான் ஒன்னைய அப்பிடிப் பாத்தேன்ல, துணிக்குத் திட்டுனப்ப” என்றாள் கடைசியில். “பாத்த” என்றாள் தங்கப்பொண்ணு.

ஆவணியில் மறுபடி ஒரு பேய்க்கதை மாலை வைக்கப்போவதாகப் பிருந்தா சொன்னார். மாதாமாதம் நடத்த அறக்கட்டளை ஒப்புக்கொண்டுவிட்டதாம், எல்லோரும் அந்தக் கடைசிக் காட்சியைத்தான் கேட்கிறார்களாம்.

“நான் உக்கார மாட்டேன் மேடம்.”

“ஏன்? அவ்ளோ நல்லாப் பண்ணின.”

“நான் ஒண்ணும் பண்ணல. அது எனக்கு நெசமாவே நடந்தது. சின்ன வயசுல. அதே ஆளு.”

பிருந்தா வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கண் கலங்கியதைத் தங்கப்பொண்ணு பார்த்தாள். பொய்யில்லாத கலக்கம்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “தங்கம், இத நீ பேசணும். நம்ம ரெக்கார்ட் பண்ணி உள்ளயே ஒரு ரூம்ல வைக்கலாம். ஹெட்போன் போட்டு எல்லாரும் கேப்பாங்க” என்றார்.

அந்த அறையைத் தங்கப்பொண்ணுவால் கற்பனை செய்ய முடிந்தது. கண்ணாடிக்குள் உடுக்கை, வேப்பங்குழை, பக்கத்தில் அவள் குரல். காலையில் திறந்து சாயங்காலம் பூட்டுவார்கள்.

“வேணாம் மேடம்” என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது. அதை அவள் தணிக்கவில்லை. “அதுவும் மாட்டேன்.”

பிருந்தா மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஆனால் நிகழ்ச்சியை நிறுத்தவும் அவரால் முடியவில்லை. பேயாண்டிக்குத் தேதி சொல்லியாயிற்று, வர்ஷினிக்கு ஜுரம் தேறிவிட்டது. அன்றைக்கு லீவு கேட்டதற்கு, டிக்கெட் கொடுக்க வேறு ஆள் இல்லையே என்று வருத்தத்தோடு கையை விரித்தார்.

தங்கப்பொண்ணு போனாள். வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தாள்தான். இசைவாணியின் படிப்பு இன்னும் முடியவில்லை, இந்த வயதில் திரும்பவும் துடைப்பத்தைத் தூக்க மனசும் இல்லை. பொழுது இறங்கியதும் பின்முற்றத்திலிருந்து உடுக்கை கேட்டது. “யாரு நீ?” என்ற கேள்வியும் சுவரைத் தாண்டிக் கேட்டது. வர்ஷினி முதல் தடவையிலேயே, நல்ல கணீர்க் குரலில், செங்கமலம் என்றாள்.

கைதட்டல் எழுந்தது. தங்கப்பொண்ணு காதைப் பொத்திக்கொள்ளவில்லை. தாமதமாக வந்த ஒரு குடும்பம் ஜன்னலில் நின்றது. “உள்ள ரொம்பப் பயமா இருக்குமாக்கா? பாப்பா இருக்கு” என்றாள் அந்தப் பெண்.

“பின்பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க” என்றாள் தங்கப்பொண்ணு. “குதிரை இருக்கிற கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.”

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்தத் தடவை பேயை இறக்குகிற கட்டத்தையும் சேர்த்திருந்தார்கள். பின்பக்கம் உடுக்கை வேகம் எடுத்தது. நிகழ்ச்சி முடிய இன்னும் நேரம் இருந்தது.